நுவரெலியாவில் குளியலறைக் கான் ஏன் அடைக்கிறது?

கடந்த ஏப்ரல் சீசனில் ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தொலைபேசி வந்தது. “தம்பி, குறை நினைக்காதேங்கோ. பாத்ரூமில தண்ணி போகுதில்லை. ஒருக்கா வந்து பாருங்கோ.” யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருந்த குடும்பம். ஆறு பேருக்கென்று எடுத்த வீட்டில் பதினொரு பேர் இருந்தார்கள். நான் போனபோது குளியலறையில் கணுக்கால் வரை சோப்பு நுரைத் தண்ணீர். வாசற்படியைத் தாண்டி அறைக்குள்ளும் வரத் தொடங்கியிருந்தது. வெளியே குளிர் பத்துப் பாகைக்கும் கீழே. ஒரு சின்னப் பிள்ளை தலையில் ஷாம்புவோடு துவாயைச் சுற்றிக்கொண்டு நின்றது.

வெளிநாட்டில் இருக்கும் ஒருவருடைய வீட்டை நாள் வாடகைக்கு விட்டுப் பராமரிப்பது என் வேலை. என் குடும்பம் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து 1977 வன்செயலுக்குப் பிறகு வன்னிக்குப் போனது. நான் பிறந்ததே கிளிநொச்சியில்தான். 2009இல் எல்லோரையும் போல மெனிக் பாமுக்குப் போய், வெளியே வந்து, சில காலத்துக்குப் பின் நானு ஓயாவில் இருக்கும் அத்தையை நம்பி மலைக்குத் திரும்பினேன். முதலில் ஒரு பைப் பாஸிடம் கையாளாக நின்றேன். எத்தனையோ வீடுகளின் கானுக்குள் கைவிட்டிருக்கிறேன். வடக்கிலிருந்து வந்து சிறிய தங்குமிடம் நடத்தப் பார்க்கிறவர்களும், மலையகத்தில் வீட்டின் ஒரு பகுதியை விருந்தினருக்கு விடுகிறவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைப்பற்றித்தான். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் குளியலறையில் பழகிய அறிவு இங்கே முழுதாக உதவாது. காரணம் தேங்காய் எண்ணெய்.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸில் உறைந்துவிடும். யாழ்ப்பாணத்தில், வவுனியாவில், மட்டக்களப்பில் போத்தலுக்குள் அது பெரும்பாலும் தண்ணீர் போலத்தான் இருக்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி விழுவதும் உண்டு. எண்ணெய்ப் போத்தல் வெள்ளை மெழுகாக நிற்கும். பிள்ளைகள் அதை ஈர்க்கால் குத்தி எடுத்துத் தலையில் வைப்பார்கள்.

இப்போது குளியலறையில் நடப்பதைப் பாருங்கள். விருந்தினர் எண்ணெய்த் தலையோடு கீசரைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க முழுகுகிறார். அந்தச் சூட்டில் எண்ணெய் உருகி, முடியோடும் நுரையோடும் கானுக்குள் இறங்குகிறது. தரைக்குக் கீழே இருக்கும் பீவிசி குழாய் மண்ணின் குளிரில் இருக்கிறது. மூன்று நான்கு அடி போவதற்குள் எண்ணெய் திரும்ப உறைந்து குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்து வரும் முடி அதில் சிக்குகிறது. அந்த முடியில் அடுத்த எண்ணெய். ஊரில் ஆறு மாதத்தில் நடப்பது இங்கே ஒரு நீண்ட வார இறுதியில் நடந்து முடிந்துவிடும்.

முடி மட்டும் குறைவா? ஓர் ஆளுக்கு ஒரு நாளில் ஐம்பதிலிருந்து நூறு முடி வரை உதிர்வது இயல்பு. முழுகும் நாளில் அது மொத்தமாக வரும். பதினொரு பேர், இரண்டு நாள். அதில் ஆறு பேர் பெண்கள், ஒரு நாள் சனிக்கிழமை. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். முடி தண்ணீரில் கரையாது, அழுகவும் மாதக்கணக்காகும். அதோடு சில அம்மாமார் அரப்புத்தூளும் அவித்த தேசிக்காயும் வெந்தயமும் கொண்டுவருவார்கள். அவை தலைக்கு நல்லது, கானுக்கு நல்லதல்ல. அரப்பின் சக்கை வளைவில் படிந்து சேறாகிவிடும். வெந்தயத்தின் வழுவழுப்பு அதைப் பிடித்து வைக்கும்.

இன்னொரு வித்தியாசம் தண்ணீர். யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவதால் வன்நீர். சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளைக் கசடாகப் படியும். மலை ஊற்று நீர் மென்மையானது. கொஞ்சம் ஷாம்பு போட்டாலும் நுரை அடங்காது. பழக்கத்தில் ஊரில் போடும் அளவையே இங்கேயும் போட்டு, அந்த நுரையைப் போக்க இன்னும் பத்து வாளி ஊற்றுவார்கள். பாதி அடைத்த கான் அந்த வெள்ளத்தைத் தாங்காது. அப்போதுதான் எனக்குத் தொலைபேசி வரும்.

ஹோர்ட்டன் சமவெளிக்கோ சிவனொளிபாத மலைக்கோ போய் வருகிறவர்கள் இன்னொன்றும் செய்வார்கள். சேறு படிந்த சப்பாத்தைக் குளியலறைக்குள் வைத்துக் கழுவுவார்கள். டிசம்பர் முதல் வெசாக் வரை மலை ஏறும் காலத்தில் நல்லதண்ணி, மஸ்கெலியாப் பக்கம் அறை விடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மண்ணுக்கு மருந்தே இல்லை. எந்தத் திரவத்தை ஊற்றினாலும் மண் மண்ணாகவே கிடக்கும். வீட்டு வாசலில் ஒரு வெளிக்குழாயும் பழைய பிரஷும் ஒரு சிறிய பலகையும் வைத்துவிட்டால் அந்தச் சேறு உள்ளேயே வராது.

இனி, தடுப்பது எப்படி. என் அனுபவத்தில் நூற்றில் தொண்ணூறு பங்கு வேலை கானின் வாயிலேயே முடிந்துவிடுகிறது. தரையில் வழக்கமாகப் பூட்டியிருக்கும் துளை மூடியின் துளைகள் பெரியவை. முடி அவற்றினூடாக ஊசி நூல் கோப்பது போல இறங்கும். ஹாட்வெயார் கடையில் சிறு கண் கொண்ட துருப்பிடிக்காத உருக்குச் சல்லடை விற்கிறார்கள். அதை மூடிக்கு மேலே அல்ல, மூடிக்குக் கீழே கிண்ணம் போல அமரும்படி வாங்குங்கள். மேலே வைத்தால் விருந்தினர் காலில் தட்டுப்பட்டு மூலைக்குப் போய்விடும். சல்லடை கிடைக்காவிட்டால் நைலோன் கொசுவலைத் துண்டை இரண்டாக மடித்து மூடிக்கு அடியில் விரியுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை எறிந்துவிட்டுப் புதிதாக வைக்கலாம். சிலர் மூடியைச் சீமெந்து வைத்துப் பூசிவிடுகிறார்கள், களவு போகும் என்று. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கையால் கழற்ற முடியாத மூடி இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

சல்லடையோடு ஒரு கூடையும் வேண்டும். மூடியுள்ள சிறிய குப்பைக்கூடை, கதவுக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும் இடத்தில். இதைச் சொல்லும்போது பலர் சிரிக்கிறார்கள். ஆனால் முடியைக் கையில் எடுத்த ஒருவர் அதை எங்கே போடுவார்? கூடை இல்லாவிட்டால் கொமட்டுக்குள். ஈரத் துடைதாள், மாதவிடாய் அணையாடை, பிள்ளையின் பம்பர்ஸ் எல்லாம் அதே வழியில்தான் போகின்றன. ஈரத் துடைதாள் பார்வைக்குக் கடதாசி போல இருந்தாலும் பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது, கரையாது. அது குழியில் போய் நின்றால் பவுசர் அழைத்து இறைக்க வேண்டும். சீசனில் அந்த பவுசர் வருவதற்குள் விருந்தினர் போய்விடுவார்கள், குறை மட்டும் எழுதிவைத்து.

கதவின் உட்பக்கத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். முன்பு “கானில் முடி போடாதீர்” என்று எழுதியிருந்தேன். யாரும் பொருட்படுத்தவில்லை. இப்போது இப்படி இருக்கிறது: “இங்கே குளிரில் தலை எண்ணெய் குழாய்க்குள் உறைந்துவிடுகிறது. முழுகுவதற்கு முன் தலையை நன்றாக வாரி, உதிர்ந்த முடியைக் கூடையில் போட்டால் உங்களுக்குக் கடைசி வரை தண்ணீர் தடையின்றிப் போகும்.” காரணத்தைச் சொன்ன பிறகு மாற்றம் தெரிந்தது. உறைந்த எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தவர்களுக்கு அது உடனே விளங்கிவிடுகிறது.

ஒரு குழு பதினொரு மணிக்குப் போய் அடுத்த குழு இரண்டு மணிக்கு வரும். இடையில் மூன்று மணித்தியாலம். அதில் கானுக்கு நான் ஒதுக்குவது பத்து நிமிடம். மூடியைக் கழற்றி, சல்லடையை உலர்ந்த முடியோடு தட்டி, கையுறை போட்ட விரலால் கிண்ணத்தைச் சுற்றித் துடைப்பேன். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு கரண்டி ஊற்றி, கீசரின் சுடுநீரை ஒரு வாளி நிறைய ஒரே மூச்சில் ஊற்றுவேன். கொதிநீர் வேண்டாம். பீவிசி குழாய் கொதிநீரில் இளகும், ஒட்டிய மூட்டுகள் விட்டுக்கொடுக்கும். கை வைத்தால் இரண்டு நொடிக்கு மேல் தாங்க முடியாத சூடு போதும்.

இதில் நான் ஒரு பாடம் படித்தேன். ஆரம்பத்தில் ஒரு கேத்தல் சுடுநீர் மட்டும் ஊற்றுவேன். கான் திறந்தது போல இருக்கும், இரண்டு நாளில் திரும்ப அடைக்கும். கடைசியில் குழாயை வெட்டிப் பார்த்தபோது அடைப்பு எட்டு அடி தள்ளி, சுவருக்கு அப்பால் இருந்தது. என் கேத்தல் எண்ணெயை உருக்கி எட்டடி தூரம் கொண்டுபோய், அங்கே உறைய வைத்திருக்கிறது. ஊற்றினால் வெளிக்குழி வரை போகும் அளவுக்கு ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றாமல் இருப்பதே மேல்.

சுடுநீருக்குப் பிறகு பத்து லீற்றர் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றி, அது மறையும் வரை எண்ணுவேன். இந்த வீட்டில் நல்ல நிலையில் 20 விநாடிக்குச் சற்று மேலே. ஒரு கொப்பியில் திகதியோடு எழுதிவைக்கிறேன். 30ஐத் தாண்டினால் கம்பி போட வேண்டிய நேரம். உங்கள் வீட்டுக் குழாய்க்கு இந்த எண் வேறாக இருக்கும். எண் முக்கியமல்ல, அது கூடிக்கொண்டு போகிறதா என்பதுதான் முக்கியம். கான் ஒருநாளில் அடைப்பதில்லை. நமக்குத் தெரியவருவதுதான் ஒருநாளில்.

கம்பி என்று சொன்னது பெரிய கருவி அல்ல. பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டியை இரண்டடி வெட்டி, இரு ஓரத்திலும் பிளேட்டால் சாய்வாகக் கீறினால் மீன் முள் போல நிற்கும். உள்ளே விட்டுச் சுழற்றி இழுத்தால் முடிக்கற்றை அப்படியே வரும். அதற்கும் அசையாவிட்டால் ரப்பர் கிண்ணம் பூட்டிய தடியால் அமுக்கி இழுக்க வேண்டும். அப்போது பேசின் ஓரத்தில் இருக்கும் மேல்துளையை ஈரத்துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். அல்லாவிட்டால் அமுக்கிய காற்று அந்த வழியால் போய்விடும். அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றச் சொல்லி வீடியோக்கள் வருகின்றன. நன்றாகப் பொங்கும், பிள்ளைகள் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். முடியை அது ஒன்றும் செய்யாது.

காஸ்டிக் சோடாவைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கீழே இருக்கும் தோட்டத்து லயத்திலிருந்து ஓர் அக்கா இந்த வீட்டைச் சுத்தம் செய்ய வருகிறார். கொழுந்து குறைந்த காலத்தில் அவருக்கு இதுதான் கைச்செலவு. 2018இல் ஒருநாள், விருந்தினர் வாசலில் வந்து நிற்கிறார்கள், கான் அடைத்துக் கிடக்கிறது. நான் காஸ்டிக் சோடாப் பொட்டலத்தை அவரிடம் கொடுத்து “கொட்டிட்டு சுடுதண்ணி ஊத்துங்க அக்கா” என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனேன். காஸ்டிக் சோடா தண்ணீரைச் சந்திக்கும்போது தானாகவே சூடேறும். அதன்மேல் சுடுநீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அவருடைய மணிக்கட்டில் தெறித்தது. கண்ணில் பட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கட்டுரையை எழுத எனக்கு முகம் இருந்திருக்காது. “ஒண்ணுமில்லைங்க தம்பி” என்று சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தவறு முழுக்க என்னுடையது.

அதன்பிறகு அது இந்த வீட்டுக்குள் வருவதில்லை. வேறு இடத்தில் கட்டாயம் பயன்படுத்துகிறவர்கள், தண்ணீருக்குள் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 20 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வழி பாருங்கள். கான் திறக்காமல் சோடா உள்ளே தேங்கி நிற்கும்போது யாரும் அதற்குள் கைவிடக் கூடாது. மலசலகூடம் கழுவும் அமிலத் திரவத்தையும் பிளீச்சையும் ஒன்றாக ஊற்றவே கூடாது. குளோரின் வாயு வரும். குளிருக்குச் சன்னலை அடைத்துவைத்திருக்கும் சிறு அறையில் அது உயிராபத்து.

குழாய்க்கும் அதனால் நன்மை குறைவு. எண்ணெயோடு சேர்ந்து அது சவர்க்காரமாகும். குளிர்ந்த குழாயில் அந்தச் சவர்க்காரம் கீழே போய்க் கல்லுப்போல இறுகும். குழிக்குள் போனால் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும்.

காஸ்டிக்கை நிறுத்த அக்காவின் கையைத் தவிர வேறொரு காரணமும் இருந்தது. இந்த வீட்டுக் குளியல் தண்ணீர் அப்போது நேராக வெளிக்கானில் விழுந்து, தேயிலை ஊடாக இறங்கி, லயத்துப் பீலிக்கு மேற்புறமாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஒங்க வீட்ல ஆளு இருக்கிற நாள்ல, பீலிப் பக்கம் நொரை வருதுங்க தம்பி. முடியும் வருது. புள்ளைங்க குளிக்கிற எடம்.” நான் போய்ப் பார்த்தேன். கல்லிடுக்கில் வெள்ளை வெள்ளையாக எண்ணெய்க் கட்டி ஒட்டியிருந்தது. எட்டு வருடமாக மேலே கானைத் திறந்து திறந்து நான் அனுப்பியதெல்லாம் அங்கேதான் இருந்தது.

என் அப்பா தோட்டத்தில் கான் வெட்டியவர். தேயிலைச் சரிவில் குறுக்காக வெட்டும் கானுக்குள் இடையிடையே மண்ணை வெட்டாமல் சிறு தடுப்பாக விட்டுவைப்பார்கள். மழைத்தண்ணீர் அந்தத் தடுப்பில் முட்டி நின்று, மண்ணைக் கீழே விட்டுவிட்டு, தெளிந்து வழியும். படிந்த மண்ணை மழைக்காலத்துக்கு முன் வாரி மேலே செடிக்கே எறிவார்கள். வன்னியில் எங்கள் காணியிலும் அவர் அப்படித்தான் வெட்டினார். 2009 ஓகஸ்ட் மழையில் மெனிக் பாமில் கூடாரங்களுக்கு இடையே மலசலகூடக் குழிகள் பொங்கி ஓடியபோது, ஒரு மண்வெட்டி கிடைக்குமா என்று அவர் கேட்டுத் திரிந்தது எனக்கு நினைவிருக்கிறது. தண்ணீரை நிறுத்திக் கழிவைப் பிரிக்கும் அந்த வேலையைத்தான் ஒரு பாஸைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் செய்வித்தேன்.

இரண்டடி நீளம், ஒன்றரையடி அகலம், இரண்டடி ஆழத்தில் சீமெந்துத் தொட்டி. குளியல் தண்ணீர் ஒரு பக்கத்தால் விழும். மறுபக்கத்தில் வெளியேறும் குழாய்க்கு ஒரு ‘டீ’ பூட்டி, அதன் கால் தண்ணீருக்குள் முக்கால் அடி இறங்கி நிற்கும். எண்ணெயும் முடியும் மேலே மிதந்து உறையும், தெளிந்த நீர் அடியிலிருந்து வெளியேறும். அது இப்போது வெளிக்கானுக்குப் போவதில்லை. கல் நிரப்பிய ஊறுகுழிக்குள் போகிறது. மேலே உறைந்த பாளத்தை மாதம் ஒருமுறை, சீசனில் வாரம் ஒருமுறை, அகப்பையால் வழித்து, காயவைத்துப் புதைக்கிறோம். குளிர் நமக்கு உதவி செய்கிற ஒரே இடம் அதுதான். கட்டி கட்டியாக, தயிர் ஏடு போல எடுக்கலாம்.

நுவரெலியாப் பக்கத்துத் தண்ணீர் நானு ஓயா, கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. மகாவலி கடைசியில் மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் விழுவது காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களைத் தாண்டிக் களனியாகிக் கொழும்பின் குடிநீராகிறது. அவ்வளவு தூரம் நினைக்கக்கூடத் தேவையில்லை. எங்கள் வீட்டிலிருந்து பீலி இருநூறு அடி.

யார் கை வைப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. தோட்டங்களில் லயத்தையும் கானையும் கக்கூஸையும் சுத்தம் செய்கிறவரை வாசக்கூட்டி என்பார்கள். பெரும்பாலும் குறிப்பிட்ட சாதியினர் தலையிலேயே அது கட்டப்பட்டது. சுற்றுலா வீடுகள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டது. முடி அடைத்தால் “அக்காவைக் கூப்பிடு” என்பார்கள். நானும் கூப்பிட்டேன். இப்போது எங்கள் வீட்டில் சல்லடையை எடுப்பது என் வேலை, தொட்டியை வழிப்பதும் என் வேலை. அக்கா செய்யும் நாளில் அதற்குத் தனிக் கூலி, நீளக் கையுறை, கண்ணாடி. இரண்டு நாள் முடி உலர்ந்து சல்லடையில் கிடக்கும்போது எடுப்பதில் அருவருப்பு எதுவும் இல்லை. மூன்று மாதம் அழுகிய பிறகுதான் அது யாரோ ஒருவரைக் கூப்பிட வேண்டிய வேலையாகிறது.

புதிதாகக் குளியலறை கட்டுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. குளியல் கானுக்கு ஒன்றரை அங்குலக் குழாய் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள், குறைந்தது இரண்டு அங்குலம் வேண்டும். நாற்பது அங்குலத்துக்கு ஓர் அங்குலம் சரிவு போதும். திருப்பம் வரும் இடத்தில் ஒரே செங்கோண வளைவுக்குப் பதிலாக இரண்டு அரை வளைவுகளைப் போட்டு, அங்கே திறந்து பார்க்கும் மூடி ஒன்றும் வையுங்கள். சீசனை நம்பிப் பழைய வீட்டோடு அவசரமாக ஒட்டிக் கட்டிய குளியலறைகள்தான் எனக்கு அதிகம் வேலை தந்தவை. மாபிள் வழவழவென்று இருக்கும். குழாயைத் திறக்க வேண்டுமென்றால் அந்த மாபிளைத்தான் உடைக்க வேண்டும்.

சீசன் முடிந்து வீடு பல வாரம் பூட்டிக் கிடந்தால் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிவிடும். அந்தத் தண்ணீர்தான் குழாயின் நாற்றத்தை உள்ளே வரவிடாமல் பூட்டி வைத்திருப்பது. சீத்தா எலியக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனது, கான் அடைத்துவிட்டது என்று நினைத்து. அடைக்கவே இல்லை, காய்ந்திருந்தது. ஒவ்வொரு கானுக்கும் இரண்டு கோப்பைத் தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும். இப்போது பூட்டிக் கிடக்கும் மாதங்களில் பத்து நாளுக்கு ஒருமுறை போய் ஊற்றிவிட்டு, கொப்பியில் எழுதிவைக்கிறேன்.